நொச்சிமேட்டுக் குதிரைக்காரி

நாகம்மா குதிரை மேல் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு எதிரே வருகிற எந்த வண்டியும் ஓடாது. லாரி, டிராக்டர், மண் அள்ளும் பொக்லைன், மோட்டார் பைக் எதுவானாலும் குதிரையின் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் இருமிவிட்டு நின்றுவிடும். அவள் இறங்கினாலோ, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனாலோ மறுபடி ஓடும். வெள்ளானூருக்கும் கோவில்பதாகைக்கும் நடுவில் இருக்கிற நொச்சிமேட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர்கள் கரண்ட் மீட்டர் எங்கே இருக்கிறது, குப்பை வண்டி எப்போது வரும் என்பவற்றோடு இதையும் சொல்லிவிடுவார்கள்.

பிறக்கும்போது அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை. நொச்சி ஏரியின் வடகரையில் எருமை வைத்துப் பிழைத்த குடும்பம். தாய் சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் சம்பந்தம்தான் அவளைத் தோளில் போட்டு வளர்த்தான். ஏரியின் குறுக்கே அவளை முதுகில் சுமந்துகொண்டு நீந்திப்போய், தென்கரையில் இறக்கிவிட்டு, இனி நீயே வா என்று சொல்லித் திரும்பிவிடுவான். அவளும் அழாமல் நீந்தி வந்துவிடுவாள். வளர்ந்த பிறகு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்புக்கு சைக்கிளில் பால் ஊற்றினாள். அங்கே சிவராமன் என்று லேத்தில் கடைசல் பிடிக்கிற ஒரு தொழிலாளி, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், தனி ஆள், காலையில் அரை லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு லிட்டர் வாங்க ஆரம்பித்தார். பிறகு சாயங்காலமும் வாங்கினார். ஒரு ஆள் இவ்வளவு பாலை என்னதான் செய்கிறார் என்று குடியிருப்பில் பேச்சு வந்தபோது இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சம்பந்தம்தான் முன்னின்று நடத்தினான். குடியிருப்பில் வீடு இருந்தாலும் எருமைகளுக்காக நாகம்மா பாதி நாள் வடகரையில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது ஏரியால். தொழிற்பேட்டைக்கும் கணினி வேலைக்கும் வந்து சேர்ந்த ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. நெல் போட்ட நிலமெல்லாம் மனையாகி விற்றுத் தீர்ந்து, மிச்சம் இருந்தது ஏரிதான். கரையை மதகுக்குப் பக்கத்தில் வெட்டி, நீரை வடித்து, மண்ணைக் கொட்டி மனை போடலாம் என்று ஒரு கம்பெனி வந்தபோது முதலில் தலையாட்டியவன் சம்பந்தம். அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்றுதான் இரண்டு கரையிலும் இன்றைக்கும் சொல்கிறார்கள். விவசாயம் போன பிறகு ஏரி கொசுவுக்குத்தான் ஆகும், பிள்ளைகளுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்று அவன் நம்பினான். தண்ணீர் போய்விட்டால் நொச்சிமேடு வெறும் மேடுதான் என்று நாகம்மா நம்பினாள். ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருவரும் இதைப் பேசினார்கள். மறுநாள் காலையில் வீட்டின் நடுவே ஒரு சுவர் இருந்தது. யாரும் கட்டவில்லை. பூசி, வெள்ளையடித்து, காய்ந்தே இருந்தது. சம்பந்தம் தென்கரைக்கு வீடு மாறினான். அந்த மாதத்துக்குள் ஊரில் பல வீடுகளில் அதே மாதிரி சுவர் எழுந்தது, சில வீடுகளில் கட்டிலின் நடுவே.

முதல் பொக்லைன் கரை மேல் ஏறிய காலையில், பூந்தமல்லியில் கல்யாணக் குதிரை வாடகைக்கு விடுகிற சுலைமான், வெள்ளானூரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை முடித்துவிட்டுத் தன் வெள்ளைக் குதிரையை அந்த வழியாக நடத்திக்கொண்டு வந்தார். ரோஜா என்று அதற்குப் பெயர். நெற்றியில் கட்டிய ஜரிகையும் கழுத்து மாலையும் இன்னும் அவிழ்க்கவில்லை. கரை முழுக்கக் கூட்டம். முன்னால் என்ன நடக்கிறது என்று நாகம்மாவுக்குத் தெரியவில்லை. குதிரை மேல் ஏறினால் தெரியும் என்பதால் ஏறினாள், அவ்வளவுதான். பொக்லைன் நின்றது. மண்ணூர்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்து, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டியில் பழுது இல்லை, எதிரே இருக்கிற அம்மாவிடம்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கூலி வாங்காமல் போனார். சுலைமான் அன்று முழுக்கக் குதிரையைத் திருப்பிக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும், "ரோஜா உங்க கைல இருக்கட்டும்க்கா. மாப்ளைங்கள சொமந்து சொமந்து அதுக்கே போரடிச்சிப் போச்சு" என்றார். அன்றிலிருந்து அவரும் நாகம்மாவின் ஆளானார். அந்தக் குதிரைக்கு அதற்குப் பிறகு வயது ஏறவே இல்லை. ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதனால்தான் என்று சுலைமான் சொன்னார்.

படை தானாகச் சேர்ந்தது. வடகரைப் பெண்கள் குடத்தோடும் விளக்குமாற்றோடும் வந்தார்கள், பையன்கள் பைக்கோடு வந்தார்கள். அவள் முன்னால் போகிற பைக்கும் அணைந்துவிடும் என்பதால் எல்லோரும் பின்னால்தான் வர வேண்டியிருந்தது. நொச்சிமேட்டில் நாகம்மாவை முந்திய ஆண்பிள்ளை கிடையாது என்று வடகரைக்காரர்கள் சொல்வது பெருமைக்காக மட்டும் அல்ல, அது நடைமுறையும்கூட. அவளுக்குப் பதவி இல்லை, கொடி இல்லை, கட்சி இல்லை. முகம் மட்டும்தான் இருந்தது. குடியிருப்பில் படிப்பகம் நடத்திய இராமகிருஷ்ணன், தென் அமெரிக்க நாடுகளில் முன்பு இப்படிப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள், உள்நாட்டுப் போர்களில் குதிரை மேல் உட்கார்ந்தே காலம் தள்ளினார்கள், அவர்களுக்குக் கவுதீயோ என்று பெயர் என்று சொன்னார். கொஞ்ச காலம் ஊரே அவளைக் கவுதியம்மா என்று கூப்பிட்டது. அவங்கெல்லாம் ஜெயிச்சாங்களா தோத்தாங்களா என்று நாகம்மா கேட்டாள். ஜெயித்தார்கள், தோற்றார்கள், மறுபடி ஜெயித்தார்கள், கடைசியில் பெரும்பாலும் அயல்தேசத்தில் யார் வீட்டிலோ செத்தார்கள் என்றார் இராமகிருஷ்ணன். "நம்ம சாவு நம்ம கரைலதான், சார்" என்று சொல்லிவிட்டு அவள் பால் கறக்கப் போனாள்.

இரண்டாவது போரில் சம்பந்தம் எந்திரங்களை நம்பவில்லை. தன் ஆட்களைக் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கரையை வெட்ட அனுப்பினான். கடப்பாரைக்கு இன்ஜின் இல்லை. கரை மேல் கைகலப்பு வெயில் ஏறும் வரை நடந்தது. யாரோ வீசிய கடப்பாரை நாகம்மாவின் இடது காதைக் கிழித்து, கம்மலைத் தண்ணீரில் தள்ளியது. அவள் முந்தானையைக் கிழித்துக் காதோடு சேர்த்துத் தலையைக் கட்டிக்கொண்டு, குதிரையை விட்டு இறங்காமல் நின்றாள். அதைப் பார்த்தே தென்கரை ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பார்கள். அடுத்த ஆண்டு முதல் அந்த ஏரியில் பிடிபட்ட விரால்களின் செவுளில் கடுகளவு தங்கப் பொட்டு இருந்தது. ஆவடியில் நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்து, நல்ல தங்கம்தான், உருக்கத்தான் போதாது என்றார். மக்கள் அதைக் குழம்பிலேயே விட்டுச் சாப்பிட்டார்கள்.

போர் என்றாலும் ஆடி மாதம் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும்போது இரண்டு கரையும் ஒரே வரிசையில் நின்றது. கல்யாணங்களுக்கு இரண்டு பக்கமும் போய் மொய் எழுதி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சம்பந்தத்தின் மனைவி இறந்தபோது நாகம்மா குதிரையைக் கரையிலேயே கட்டிவிட்டு நடந்துபோய், பிணத்துக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள். அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெருவெள்ளம் வந்து போன அடுத்த மழைக்காலத்தில் மூன்றாவது போர் வந்தது. தென்கரையில் பல வாரமாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தார்ப்பாயால் மூடி வைத்திருந்த எந்திரங்களைச் சம்பந்தம் ஒரே காலையில் கிளப்பினான். நாகம்மா மதகுக்கு மேலே ரோஜா மீது உட்கார்ந்திருந்தாள். பின்னால் வடகரை முழுவதும் நின்றது. எந்திரங்கள் வரிசையாக வந்து வரிசையாக அணைந்தன. சம்பந்தமும் அது தெரிந்துதான் வந்தான். ஒரு பெண்பிள்ளை எவ்வளவு நேரம் குதிரை மேல் உட்கார்ந்திருப்பாள், சோறு தண்ணி இல்லாமல் எத்தனை நாள் தாங்குவாள், பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காருவாள் என்பது வடகரையின் கணக்கு.

அப்போது எந்திரங்களுக்கு ஓரமாக ஒரு ஆம்புலன்ஸ் வந்து, அதுவும் அணைந்தது. தென்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வழி உண்டு. முந்தின நாள் மழையில் அங்கே தரைப்பாலம் மூழ்கிக் கிடந்தது. கரை ரோடு ஒன்றுதான் வழி. இது தந்திரம், இறங்காதே என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்பும் பல தந்திரங்கள் நடந்திருந்தன. சம்பந்தம் ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தங்கையை நிமிர்ந்து பார்த்தான், ஆனால் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும். அவன் கேட்காமல் நிற்பதைப் பார்த்துத்தான் அது தந்திரம் இல்லை என்று நாகம்மாவுக்குத் தெரிந்தது.

"யாரு உள்ள?" என்றாள்.

"கனி" என்றான் சம்பந்தம்.

கனிமொழி அவனுடைய ஒரே மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள். தாய் இல்லாத பெண். உள்ளேயிருந்து அவள், "அத்தே, அத்தே" என்று கூப்பிடுவது கரை முழுக்கக் கேட்டது. நாகம்மா இறங்கினாள். இறங்கிய மறுகணம் எல்லா எந்திரங்களும் ஒரே குரலில் உறுமிக் கிளம்பின. ஆம்புலன்ஸை விட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம் என்று சுலைமான் கடிவாளத்தோடு தயாராக நின்றார். நாகம்மா அதைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள். பிறகு ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, கனிமொழியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அதுங்க வெட்னா வெட்டட்டும். வண்டிய எடுப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னாள். குதிரையில் அவள் இல்லாத படை அரை மணி நேரத்தில் கலைந்தது. உச்சிவேளைக்குள் கரை வெட்டப்பட்டது. அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தோற்ற இந்தப் போரைத்தான் வடகரைக்காரர்கள் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள். ஜெயித்த போர்களை அவ்வளவு சொல்வதில்லை.

சமாதானப் பேச்சில் சம்பந்தம் ஒரே நிபந்தனை வைத்தான்: நாகம்மா நொச்சிமேட்டில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் மேல் வழக்கு வராமல் இருக்க அவள் ஒத்துக்கொண்டாள். சிவராமன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குடியிருப்பு வீட்டைக் காலி செய்திருந்த நேரம் அது. இருவரும் பூந்தமல்லியில் சுலைமானின் குதிரைக் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். "ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் எங்கேயாவது வெளியூர் போகணும்னுதானே நெனச்சிருந்தோம்" என்று சிவராமன் சொன்னார். போருக்கும் அவளுக்கும் நடுவே அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தது அவளைச் சிரிக்க வைக்கத்தான்.

வெட்டிய கரை வழியாக நொச்சி ஏரி மூன்று நாள் வடிந்தது. ஆனால் கீழே எந்த ஊர்க் கால்வாய்க்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அது பூந்தமல்லிக்குப் போயிருந்தது. சுலைமானின் கொட்டகைக்குப் பின்னால், மல்லிகைத் தோட்டத்துக்கு நடுவே, வாளி நனையாத ஒரு பழைய கிணறு. நாகம்மா போய்ச் சேர்ந்த வாரத்தில் அதில் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. கயிற்றோடு கயிறு முடிந்து இறக்கியும் அடி தட்டவில்லை. விரால் வந்தது, தங்கப் பொட்டோடு. ஏரியை விட்டுப் போன நாரைகளும் நீர்க்காகங்களும் கிணற்றைச் சுற்றி முறை வைத்து நின்று மீன் பிடித்தன. நொச்சிமேட்டு எருமைகள் வாரத்துக்கு ஒருமுறை தாமாகவே நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வந்து குடித்துவிட்டுத் திரும்பின. அந்தத் தெருக்காரர்கள், கோடையில் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது என்பதற்கு மேல் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

நொச்சிமேட்டில் ஏரியின் தென்பாதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த ஜனங்கள் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள். சம்பந்தத்துக்கும் கனிமொழிக்கும் அதில் வீடு கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகள் காற்றை இறைத்தன. தண்ணீர் லாரி எந்தக் கட்டடத்துக்கு முதலில் வருவது என்று சண்டை தொடங்கி, முன்கட்டடமும் பின்கட்டடமும் பேச்சை நிறுத்தின. பிறகு ஒரு காலையில், கீழ்த்தளத்தில் குடியிருந்த தீபிகா கண் விழித்தபோது கட்டிலின் நடுவே ஒரு சுவர் இருந்தது, பீரோ அவள் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து அவள் கணவன் பிரசன்னா, சட்டை எல்லாம் உன் பக்கம் மாட்டிக்கொண்டது என்று குரல் கொடுத்தான். கட்டியவர்களிடம் புகார் சொன்னார்கள், வரைபடத்தில் இப்படிச் சுவர் இல்லை என்றார்கள். கனிமொழிதான் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, இது என்ன சுவர் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தீபிகாவைப் பூந்தமல்லிக்கு அழைத்துக்கொண்டு போனாள். தன் மகளையும் கூட்டிப் போனாள். அந்தக் குழந்தைக்கு நாகம்மா என்று பெயர் வைத்தவன் சம்பந்தம். ஏன் என்று அவனிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. கிழவியாகியிருந்த நாகம்மா கொட்டகை வாசலில் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தாள். தீபிகா விஷயத்தைச் சொல்லி, திரும்பி வரும்படி கேட்டாள். நாகம்மா கையிலிருந்த கொள்ளு முழுவதையும் குதிரைக்கு ஊட்டி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னத் தொரத்துனதே ஒங்க ஊடு நிக்கிற எடத்துக்காகத்தான், தெரியுமா?"

"தெரியுங்க. அதனாலதான் ஃபோன் பண்ணாம நேர்ல வந்தேன்."

"நான் வந்தா தண்ணியும் வரும். வந்துச்சின்னா அதும் பழைய எடத்துலதான் குந்தும். கீழ் ஊடுங்கள்லாம் முழுகிப் பூடும். அந்த ஊட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா?"

"நானே கீழ் வீடுதாங்க" என்றாள் தீபிகா.

நாகம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுலைமானைக் கூப்பிட்டுச் சேணம் போடச் சொன்னாள்.

அன்று பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எதிரே வந்த எல்லா வண்டிகளும் நின்றன. பேருந்திலிருந்து இறங்கிய ஜனங்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். வெள்ளைக் குதிரை மேல் கிழிந்த காதோடு ஒரு அம்மாள், நேராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்க்காமல் போனாள். பின்னால் சிவராமனும் சுலைமானும் தீபிகாவும், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கனிமொழியும் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏரி வந்தது. ரோட்டை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வழியாமல், கணுக்கால் உயரத்துக்கு, நாரைகளோடும் மீன்களோடும் அமைதியாக வந்தது. கடைக்காரர்கள் படியில் இருந்த செருப்புகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு மறுபடி வந்து நின்றார்கள். பருத்திப்பட்டில் ஒரு போக்குவரத்துக் காவலர் குதிரைக்குச் சலாம் வைத்து, தண்ணீர் முழுவதும் கடக்கும் வரை குறுக்குச் சாலையை நிறுத்தி வைத்தார்.

நொச்சிமேட்டு மதகருகே சம்பந்தம் தனியாக நின்றான். எழுபதைத் தாண்டிய உடம்பு, இடுப்பு வரை சேறு. அவனுக்குப் பின்னால், வெட்டப்பட்ட கரை மூடப்பட்டு, மண் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கப்பட்டிருந்தது. தங்கை கிளம்பிவிட்டாள் என்று காலையில் செய்தி கேட்டதும் மண்வெட்டியை எடுத்தவன், பொழுது சாய்வதற்குள் ஒற்றை ஆளாக அதை அடைத்திருந்தான். ஒரு ஊரே கூடிச் செய்ய வேண்டிய வேலை அது. எப்படிச் செய்தான் என்று யாரும் கேட்கவில்லை.

நாகம்மா குதிரையை நிறுத்தினாள். "இன்னா அண்ணாத்தே இது?"

"வர்ற தண்ணி நிக்கணும்ல" என்றான் சம்பந்தம். பிறகு ரோஜாவின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். "எறங்கு நாகு. மீதிய அதுவே பாத்துக்கும்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். தண்ணீர் அவர்கள் இருவருடைய கால்களையும் சுற்றிக்கொண்டு ஏரிக்குள் போயிற்று.

பழைய இடத்தில் பழைய அளவுக்கு ஏரி நிறைந்தது. அடுக்குமாடியில் கீழ்த்தளம் தண்ணீரானது. தீபிகாவும் பிரசன்னாவும் மற்றக் கீழ்வீட்டுக்காரர்களும் மொட்டைமாடியில் எல்லோரும் சேர்ந்து கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு மாறினார்கள். இப்போது அங்கே பரிசலில்தான் போக வேண்டும். சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் கரையில் நின்று கூப்பிட்டால், மாடியிலிருந்து கூடை இறங்கும். வீடுகளின் நடுவே எழுந்த சுவர்களில் பல தாமாகப் போய்விட்டன. சில போகவில்லை, அதில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டிக்கொண்டார்கள். தேர்தலில் நிற்கச் சொல்லி எல்லாக் கட்சிகளும் நாகம்மாவிடம் வந்தன. எருமைக்கு நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஏரித் தண்ணீரில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு, மல்லிகை வாசனை வீசுகிறது. பரிசோதனை செய்தவர்கள் குடிக்க உகந்தது என்று சொன்னார்கள், வாசனையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு கரையிலும் இப்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் முதல் வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச காலம் பூந்தமல்லியில் இருந்துவிட்டு வந்த தண்ணீர் என்று சொன்னால், அப்படியா என்று மிச்சத்தையும் குடித்துவிடுவார்கள்.